பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறீர்களா? பின்பலகையில் இருந்து தொடங்குங்கள்

படகு பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில் இருந்துதான் தொடங்குகிறார்கள். பெயின்ட் பளபளவென்று இருக்கிறதா, பெயர் அழகாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்து, எஞ்சின் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்து, ஸ்டார்ட் ஆனதும் விலை பேச உட்கார்ந்துவிடுகிறார்கள். நீங்கள் நேர்மாறாகப் போங்கள். பின்னால் தொடங்கி முன்னால் வாருங்கள். காசைக் கரைப்பதும் கடலில் காலை வாருவதும் பின்பக்கத்து நாலு அடியில்தான் இருக்கின்றன.

சென்னையில் இருந்து நாகப்பட்டினம் வரைக்கும் மணலில் ஏற்றி இறக்குகிற 26 முதல் 28 அடி ஃபைபர் படகைத்தான் இங்கே சொல்கிறேன். மூன்று நாலு பேர் ஏறுவார்கள், எஞ்சின் 10 குதிரைத்திறனை ஒட்டி இருக்கும். உள்ளே பெரிய எஞ்சின் பொருத்திய விசைப்படகு வேறு உலகம், அது இதில் இல்லை.

பின்பலகை

எஞ்சின் மாட்டும் பின்பலகை முழுக்க ஃபைபர் இல்லை. நடுவில் பிளைவுட், இரண்டு பக்கமும் கண்ணாடி இழை. எஞ்சின் 40 கிலோதானே என்று நினைக்காதீர்கள். அலையில் ஏறி விழும் ஒவ்வொரு தடவையும் அந்த எடை பல மடங்காக இறங்கும், படகைத் தள்ளும் விசை முழுவதும் அந்தப் பலகை வழியாகத்தான் போகிறது. போல்ட் ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டால் பிளைவுட் உள்ளுக்குள்ளேயே ஊறி மக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, மேலே பெயின்ட் அப்படியே மினுங்கும்.

சோதிக்கும் விதம் இது. எஞ்சினை மேலே சாய்த்து, அதன் கால்பக்கத்தைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தி ஆட்டுங்கள். அதே நேரம் கூட வந்தவர் பின்பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் விரலை வைத்திருக்கட்டும். விரலுக்கு அசைவு தெரிந்தால், அல்லது அந்த மூலையில் மயிரிழை போல விரிசல் ஓடியிருந்தால், பலகை போய்விட்டது. அடுத்து ஸ்க்ரூடிரைவர் பிடியால் பலகை முழுவதும் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் 'டக் டக்' என்று கெட்டியாகப் பேசும், மக்கின இடம் 'தொப்' என்று அமுங்கும். இன்னும் சந்தேகம் இருந்தால், உடைமைக்காரரிடம் சொல்லிவிட்டு, உள்பக்கத்தில் கீழ் போல்ட்டுக்குப் பக்கத்தில் 3 மி.மீ. ஓட்டை ஒன்று போடச் சொல்லுங்கள். வருகிற மரத்தூள் வெளிறி, காய்ந்து, பொடியாக உதிர்ந்தால் சரி. கறுத்து ஈரமாக டிரில் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தால், பலகை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். அந்த ஓட்டை போடச் சம்மதிக்காதவரிடம் நான் வாங்க மாட்டேன். ஓட்டையை எபாக்சி புட்டியால் அடைப்பது ரெண்டு நிமிட வேலை.

மாற்றுவதானால் உள்பக்கத் தோலை வெட்டி எடுத்து, மக்கின மரத்தைச் சுரண்டி, ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் 19 மி.மீ. இரண்டை ஒட்டிப் போட்டு, மேலே நாலு அடுக்காவது கண்ணாடி இழை ஏற்ற வேண்டும். சாதாரண பிளை போட்டால் இரண்டு வருடத்தில் திரும்ப இதே வேலை. புதிதாகப் போடும் போல்ட் ஓட்டைகளை ஒரேயடியாக 10 மி.மீ. போட்டு போல்ட்டை முடுக்காதீர்கள். முதலில் 14 மி.மீ. துளைத்து, எபாக்சியால் நிரப்பி, இறுகியபின் அதன் நடுவில் 10 மி.மீ. துளையுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்சிதான் இருக்கும், தண்ணீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. பின்பலகையின் ஆயுளைக் கூட்டுவதற்கு இதைவிட மலிவான வழி இல்லை. போல்ட் 316 ஸ்டெயின்லெஸ், உள்ளே அகலமான தகடு.

அடிப்பாகம்

மணலில் இழுக்கிற படகுக்கு அடி தேய்வது செருப்புத் தேய்வது போலத்தான். கீல் (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகு) ஓரமும் பின்னடியும்தான் முதலில் போகும். படகை ஒரு பக்கமாகச் சாய்க்கச் சொல்லி, நல்ல வெயிலில் உள்ளே இருந்து அடிப்பாகத்தைப் பாருங்கள். தேய்ந்து மெலிந்த இடத்தில் வெளிச்சம் கசிந்து மங்கலாகத் தெரியும். நாணயத்தால் தட்டினால் அடுக்கு பிரிந்த இடம் சத்தத்திலேயே காட்டிக்கொடுக்கும்.

ஒட்டுப் போடுவது ஒவ்வொரு கரையிலும் யாராவது செய்கிற வேலைதான். ஆனால் பாதிப் பேர் போடும் ஒட்டு ஆறு மாதத்தில் தோல் போல உரிந்து வருகிறது. பெரும்பாலும் காரணம் உப்பும் ஈரமும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, இரண்டு நாள் காயவிட வேண்டும். பிறகு கிரைண்டரால் தேய்க்கும்போது ஓட்டையை மட்டும் தேய்த்தால் போதாது. தோலின் கனத்தைப்போல் 12 மடங்கு தூரத்துக்குச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும், அதாவது 6 மி.மீ. கனமுள்ள தோலில் ஓட்டையின் விளிம்பில் இருந்து எல்லாப் பக்கமும் 7 செ.மீ. சரிவு. அசிட்டோனால் துடைத்து, சின்ன மேட் (கண்ணாடி இழை விரிப்பு) துண்டில் தொடங்கி அடுத்தடுத்து பெரிதாக வைத்துக்கொண்டே வாருங்கள். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூட ரெசின் குடிக்கும். நம் வெயிலுக்கு ஒரு கிலோ ரெசினுக்கு அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் 10 முதல் 15 மி.லி. போதும். சீக்கிரம் காயட்டும் என்று கூட ஊற்றினால் சூடேறி, வெடித்து, கண்ணாடி போல நொறுங்கும் தோல்தான் கிடைக்கும். இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்கிக் கலக்குபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கோபால்ட்டை ரெசினில் முழுதாகக் கலக்கின பிறகே கேட்டலிஸ்ட். இரண்டும் நேரடியாகச் சேர்ந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும்.

மிதப்பறை

முன்னாலும் பின்னாலும் மூடி போட்ட அறைகள் இருக்கும். படகு கவிழ்ந்தால் நம்மைத் தாங்குவது அவைதான். மூடியைத் திறந்து கையை விட்டுப் பாருங்கள். பாதிப் படகுகளில் காலியாக இருக்கும், மீதியில் தண்ணீர் நிற்கும். வெறும் காற்றை நம்ப முடியாது, ஒரு விரிசல் போதும் அறை நிறைய.

எவ்வளவு போட வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. கண்ணாடி இழை தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். அதனால் 600 கிலோ படகு உடம்பு மூழ்கினால் தண்ணீருக்குள் 200 கிலோ கனம்தான் காட்டும். எஞ்சின், பேட்டரி, நங்கூரம் எல்லாம் சேர்த்து 70. பிடித்துக்கொண்டு மிதக்கும் நாலு பேருக்கு 60. ஆக 330 கிலோவைத் தூக்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஃபோம் ஏறக்குறைய ஒரு டன் தூக்கும், எனவே 330 லிட்டர் அளவு கட்டாயம். 500 லிட்டர் போட்டுவிட்டால் நிம்மதி.

தெர்மோகோல் மலிவு என்று அதை அடைத்து மேலே ரெசின் பூசுகிறார்கள். ரெசினில் உள்ள ஸ்டைரீன் தெர்மோகோலைக் கரைத்துவிடும், பெட்ரோல் பட்டாலும் அதே கதைதான். மேலே கெட்டியாகத் தெரியும், உள்ளே குழி விழுந்திருக்கும். பியு (பாலியூரித்தேன்) ஃபோம் போடுங்கள். தெர்மோகோல்தான் வாங்க முடியும் என்றால் ஒவ்வொரு கட்டியையும் கனமான பாலித்தீனில் சுற்றி ஒட்டிவிட்டு வையுங்கள். ஒவ்வொரு அறைக்கும் அடியில் தண்ணீர் வெளியேற அடைப்பான் ஒன்று வேண்டும். அதன் மாற்று ஒன்றைச் சரடு கட்டி அங்கேயே தொங்கவிடுங்கள்.

இவ்வளவும் தேறினால் காகிதம் கேளுங்கள். இரண்டு பக்கமும் எழுதியிருக்கும் ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண், பதிவுச் சான்று, எஞ்சினில் பொறித்த எண், ரசீது நாலும் ஒத்துப்போக வேண்டும். எஞ்சின் மாட்டிய இந்த வகைப் படகுக்கு எண்ணின் நடுவில் எம்ஓ என்று வரும், எம்எம் விசைப்படகுக்கு. மானியத்தில் வாங்கிய எஞ்சினா, கடன் நிலுவை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் பெயர் மாற்றின பிறகே முழுப் பணம் கொடுங்கள். எந்த ஊர்க் கரையில் ஏற்றப் போகிறீர்களோ அந்த ஊர்ப் பஞ்சாயத்திடம் முன்கூட்டியே பேசிவிடுவதும் காகிதத்துக்குச் சமம்.

எஞ்சின்: எவ்வளவு, எது

28 அடி படகு வலையும் ஐஸும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கிழித்துப் போகிற படகு, தண்ணீருக்கு மேல் எழும்பிப் பறக்கிற படகு இல்லை. அந்த நீளத்துக்கு இயல்பான வேகம் ஆறரை நாட்டை (மணிக்கு ஆறரை கடல் மைல்) ஒட்டித்தான் இருக்கும். அதற்கு 10 குதிரை போதும். 25 போட்டால் பின்பக்கம் அமுங்கி, அணியம் வானத்தைப் பார்த்து, பெட்ரோல் இரண்டு மடங்கு போகும். வேகம் ஒரு நாட் கூடினால் அதிகம். காற்றிலும் நீரோட்டத்திலும் கைகொடுக்க 15 வரை சரி, அதற்குமேல் கௌரவம்.

நீண்ட தண்டின் முனையில் புரொப்பல்லர் சுற்றும் வால் நீண்ட டீசல் எஞ்சினா, பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டா என்பது அடுத்த கேள்வி. காற்றில் குளிரும் ஒற்றை சிலிண்டர் டீசல் 8 குதிரை என்றால் முழுச் சுமையில் மணிக்கு இரண்டு லிட்டருக்கும் குறைவு. 10 குதிரை டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் முழு வேகத்தில் நாலரை லிட்டர் குடிக்கும். வாலைத் தூக்கிவிட்டால் மணல் மேட்டையும் வலையையும் தாண்டிவிடலாம். ஆனால் அதிர்வும் சத்தமும் அதிகம், உடம்பு வலியும் சேர்த்துத்தான் கணக்கு. சுற்றுகிற தண்டுக்கு மூடி போடாமல் ஓட்டாதீர்கள், கைலி நுனி சிக்கினால் ஆளையே இழுத்துவிடும். தினம் கடலுக்குப் போய் டீசல் கணக்குப் பார்ப்பவருக்கு வால் எஞ்சின், விட்டுவிட்டுப் போகிறவருக்கும் எடை குறைவாக வேண்டும் என்பவருக்கும் அவுட்போர்டு என்பது என் கணக்கு.

அவுட்போர்டு என்றால் கால் நீளம் பாருங்கள். குட்டைக் கால் 15 அங்குலப் பின்பலகைக்கு, நீளக் கால் 20 அங்குலத்துக்கு. மாட்டின பிறகு புரொப்பல்லருக்கு மேலே உள்ள தகடு படகின் அடிமட்டத்துக்குச் சமமாகவோ ஓர் அங்குலம் கீழாகவோ இருக்க வேண்டும். மேலே போனால் திருப்பத்தில் காற்றைக் கடித்துக் கத்தும். கீழே போனால் இழுவை கூடி, தண்ணீரை வாரி உள்ளே அடிக்கும். முடுக்கிய பிடி அதிர்வில் தளரும், அதனால் எஞ்சினையும் படகையும் சேர்த்து ஒரு சங்கிலி கட்டாயம். எஞ்சினை நிறுத்தும் சிவப்புச் சரடை மணிக்கட்டில் மாட்டுங்கள். தனியாகப் போய்த் தவறி விழுந்தவரை விட்டுவிட்டுப் படகு தானாக வட்டமடிக்கும், திரும்ப ஏற விடாது.

எண்ணெய்க் கலவையில் யாரும் அளவுக் குவளை வைப்பதில்லை, கண் அளவுதான். டூ ஸ்ட்ரோக்குக்கு வழக்கமான கலவை 50க்கு 1, அதாவது 20 லிட்டர் பெட்ரோலுக்கு 400 மி.லி. புது எஞ்சினுக்கு முதல் 10 மணி நேரம் 25க்கு 1, அதாவது 800 மி.லி. உங்கள் மாடலின் கையேடு வேறு சொன்னால் கையேடே சரி. எண்ணெய் டிசி-டபிள்யூ3 முத்திரை உள்ளதாக இருக்கட்டும். பைக்குக்கு ஊற்றும் டூடி எண்ணெயில் சாம்பல் விடும் சேர்மானங்கள் உண்டு, தண்ணீரில் குளிரும் எஞ்சினில் அது பிளக்கிலும் ரிங்கிலும் படிந்து இறுகும்.

இப்போது பங்கில் கிடைப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்கரைக் காற்றில் பாதி காலியான கேன் நீண்ட நாள் கிடந்தால் அடியில் எத்தனாலும் தண்ணீரும் தனியாகப் பிரிந்து நிற்கலாம். குழாய் உறிஞ்சுவது அடியில் இருந்துதான், ஆகவே அப்படிப் பிரிந்தால் ஸ்டார்ட் ஆகும்போதே அதைத்தான் குடிக்கும். ஒரு வாரத்துக்கு ஆகிற அளவே வாங்குங்கள், நடுவில் தண்ணீர் பிரிக்கும் 10 மைக்ரான் ஃபில்டர் ஒன்று போடுங்கள், படகை நிறுத்தப் போகிறீர்கள் என்றால் குழாயைக் கழற்றிவிட்டு கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். பழைய ரப்பர் குழாய் உள்ளே உரிந்து வரும். நடுவே இருக்கும் கைப்பந்து அழுத்தினால் கெட்டிப்படாமல் சொத சொதவென்று இருந்தால், அல்லது ஓடும்போது சப்பிப்போனால், அங்கேதான் கோளாறு. பந்தின் அம்புக்குறி எஞ்சினைப் பார்த்து இருக்கிறதா என்பதையும் ஒருமுறை பாருங்கள். அது திரும்பியிருந்ததைக் கண்டுபிடிக்காமல் கார்புரேட்டரைக் கழற்றியவர்கள் நிறைய.

எவ்வளவு எடுத்துப் போவது? மூன்றில் ஒன்று போக, மூன்றில் ஒன்று வர, மூன்றில் ஒன்று கையில். 12 கடல் மைல் தூரத்துக்கு 6 நாட் வேகத்தில் போக இரண்டு மணி, வர இரண்டு மணி. நாலரை வீதம் 18 லிட்டர். அப்படியானால் படகில் 27 லிட்டர் இருக்க வேண்டும்.

எஞ்சின் கெடுவது எதனால்

உப்பு, மணல், நைலான். வேறு காரணம் குறைவு.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். கடற்கரையில் குழாய் ஏது என்பீர்கள். 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி, தண்ணீர் இழுக்கும் ஓட்டை மூழ்கும்வரை நிரப்பி, ஐடிலில் ஓட்டினால் போதும். கொஞ்சம் உப்பு கரிக்கும் போர்த் தண்ணீர்கூடக் கடல் தண்ணீருக்கு மேல். பின்னால் பீச்சும் நீர்த்தாரையைப் பாருங்கள். 'ஒன்றுக்குப் போகுதா' என்று மெக்கானிக்குகள் கேட்பது இதைத்தான். தாரை மெலிந்தால் இம்பெல்லர் (தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம்) தேய்ந்துவிட்டது, அல்லது ஓட்டையில் மணல். மணற்கரையில் ஏற்றி இறக்குகிற எஞ்சினுக்கு இம்பெல்லரை வருடத்துக்கு ஒருமுறை கேள்வி கேட்காமல் மாற்றிவிடுவது நல்லது.

நைலான் விஷயம் பலருக்குத் தெரியாது. வலை நரம்பு புரொப்பல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொள்ளும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டுப் போய்விடுவோம். மீதி உள்ளே நழுவி, சுற்றும் வேகத்தில் உருகி, ஆயில் சீலை அறுக்கும். சீல் போனால் கியர் பெட்டிக்குள் கடல் நீர். அதனால் மாதம் ஒருமுறையாவது புரொப்பல்லரைக் கழற்றி, தண்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, புது காட்டர் பின்னோடு மாட்டுங்கள். கியர் எண்ணெயை முதல் 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 100 மணிக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீழ்த்திருகைத் திறந்ததும் வருவது மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. புது எண்ணெயைக் கீழ் ஓட்டை வழியாகத்தான் ஏற்ற வேண்டும், மேல் ஓட்டையில் வழியும்வரை. முதலில் மேல்திருகை மூடி, பிறகு கீழே. மேலிருந்து ஊற்றினால் நடுவில் காற்று அடைத்து அரைப்பெட்டிதான் நிறையும்.

காலில் இருக்கும் சாம்பல் நிறத் துத்தநாகக் கட்டிக்குப் பெயின்ட் அடிக்காதீர்கள். எஞ்சின் அரிக்காமல் இருக்கத் தான் அரிபட்டுப் போவதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள்.

அலையில் கவிழ்ந்து எஞ்சின் மூழ்கிவிட்டால், வெளியே எடுத்து வெயிலில் காயவைப்பது போன்ற தவறு வேறில்லை. உப்புத் தண்ணீரில் இருக்கும்வரை துரு மெதுவாகத்தான் பிடிக்கும், காற்றுப் பட்டதும் மணிக்கணக்கில் வேலையைக் காட்டும். உடனே நல்ல தண்ணீரால் அலசி, பிளக்கைக் கழற்றி, கவிழ்த்துக் கயிறு இழுத்துத் தண்ணீரை வெளியேற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டுச் சுற்றி, அன்றைக்கே ஓடவைக்க வேண்டும். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார் என்றால் அதுவரை நல்ல தண்ணீர் டிரம்மில் முழுதாக மூழ்கடித்து வையுங்கள்.

படகில் ஏற்ற வேண்டியவை

நங்கூரத்தில் எல்லாரும் இரும்பின் எடையைப் பார்க்கிறார்கள், கயிற்றின் நீளத்தில் மிச்சம் பிடிக்கிறார்கள். 10 பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறு அடி) ஆழத்தில் 15 பாகம் கயிறு விட்டால் நங்கூரம் மேல்நோக்கி இழுபட்டு நகரும். ஆழத்தைப்போல் ஐந்து மடங்கு வேண்டும், காற்று இருந்தால் ஏழு. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் மூன்று மீட்டர் சங்கிலி போட்டால் அது படுத்துக் கிடக்கும். பாரில், அதாவது கடலடிப் பாறையில், கொக்கி நங்கூரம் சிக்கினால் விட்டுவிட மனசு வராது, அதனால் பாருக்குக் கம்பி வளைத்த மலிவு நங்கூரம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் நின்று ஆழக்கடலில் மாட்டினால், பிளாஸ்டிக் கூடை ஒன்றை 30 மீட்டர் கயிற்றில் அணியத்தில் இருந்து விடுங்கள். அணியம் அலையைப் பார்த்து நிற்கும், அடித்துப் போகும் வேகமும் பாதியாகும்.

இரவு விளக்கு விஷயத்தில் நம் படகுகள் ரொம்ப அலட்சியம். 1983ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டப்படி கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது, அதற்கு வெளியே வலை விட்டால் அவர்கள் நடுவில்தான் இருப்பீர்கள், கப்பல் பாதையும் தூரமில்லை. 7 மீட்டருக்கு மேல் நீளமான படகுக்கு ஓடும்போது இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே சுற்றிலும் தெரியும் வெள்ளை. வலை விட்டு நிற்கும்போது சுற்றிலும் தெரியும் சிவப்பு, அதற்குக் கீழே வெள்ளை. கையில் டார்ச் அடித்துக் காட்டுவது விளக்கு ஆகாது, கப்பல் மேல்தளத்தில் இருந்து அது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். 12 வோல்ட் எல்இடி நாலு, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், முனைகளில் வாசலின், பேட்டரி பெட்டி தரையில் இருந்து ஓர் அடி உயரத்தில். அவ்வளவுதான் வயரிங்.

லைஃப் ஜாக்கெட் ஆளுக்கு ஒன்று, அணியத்துக்குள் கட்டி வைக்க அல்ல, முகத்துவாரம் தாண்டும்போதும் அலை ஏறும்போதும் போட்டுக்கொள்ள. விஎச்எஃப் வயர்லெஸ் வாங்கினால் 16ஆம் சேனலில் வைத்திருங்கள். அலைபேசி சிக்னல் இருக்கும் தூரத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093. இரண்டையும் பெட்டி மூடியின் உள்பக்கம் பெயின்ட்டால் எழுதி வைத்துவிடலாம்.

ஐஸ் பெட்டியை நடுவில் வையுங்கள், பின்னால் எஞ்சினோடு சேர்த்து அல்ல. நம் வெப்பத்துக்கு ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். அடியில் ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்கி, உருகும் தண்ணீர் வெளியேற அடியில் துளை திறந்திருக்க வேண்டும். ரத்தத் தண்ணீரில் ஊறிய மீனுக்கு ஏலத்தில் விலை எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகச் சாமான் பெட்டி. மூடி இறுகும் பிளாஸ்டிக் வாளி ஒன்று போதும். அதில் பிளக் இரண்டு, பிளக் ஸ்பேனர், இம்பெல்லர் ஒன்று, காட்டர் பின் ஐந்தாறு, பெட்ரோல் குழாய் ஒரு மீட்டரும் கிளிப் நாலும், கைப்பந்து ஒன்று, 10, 12, 13 ஸ்பேனர், கட்டிங் பிளேயர், கத்தி, டேப், எபாக்சி புட்டி. இழுகயிறு அறுந்தால் பிளைவீலில் சுற்றி இழுக்க முடிச்சுப் போட்ட இரண்டு மீட்டர் கயிறு. இதை ஒருமுறை கரையிலேயே சுற்றி ஸ்டார்ட் செய்து பழகுங்கள், இரவில் அலையில் முதல்முறை பழக முடியாது. வாளியை எஞ்சின் பக்கத்தில் கட்டி வையுங்கள், தண்ணீர் இறைக்கும் வாளியாக யாரும் அதை எடுத்துவிடாதபடி மேலே சிவப்பு பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு.